நல்ல தண்ணி

"பிள்ளைக்கு என்ன தண்ணிங்க குடுத்தீங்க?"

டாக்டர் கார்குழலி காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணிதான் டாக்டரம்மா. ஊசி போட்ட நர்சம்மா சொன்ன மாதிரியே நல்ல தண்ணி மட்டுந்தான். பால் பவுடரையும் அதுலதான் கரைச்சேன். வேற ஒரு சொட்டு அவன் நாக்குல படல."

பிலோமினாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்து மாதப் பிள்ளை இன்னாசி கிடக்கிறான். உதடு வெடித்து, கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளம் விழுந்து கிடக்கிறான். கையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். விட்டு விட்டு வலிப்பு வருகிறது. அதைப் பார்க்காமல் இந்தம்மா தண்ணீரையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் பெற்றவளுக்குப் பொறுக்குமா?

"அப்படின்னா ரத்தத்துல இவ்வளவு உப்பு எங்கிருந்துதான் வந்துச்சு?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர். மேலக்கரையில் இருக்கும் இந்தத் திட்ட மருத்துவமனைக்கு வந்து பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

பிலோமினாவின் ஊரான கோரைமுனையில் கிணறெல்லாம் உப்பாகி வெகுகாலமாயிற்று. தண்ணீர் லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வந்த நாளில் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை, வராத நாளில் சாலை மறியல். இப்படி ஊரே நாறிக்கொண்டிருந்தபோதுதான் கடல் ஊசி வந்தது. மூக்கின் உள்தோலில் போடுகிற ஊசி. போட்டுக்கொண்டவர்கள் கடல் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். உடம்பு தண்ணீரை வைத்துக்கொண்டு உப்பை மூக்கு வழியாகத் தள்ளிவிடும். கடற்பறவைகள் காலங்காலமாக இப்படித்தானே பிழைக்கின்றன, மனிதனுக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டார்கள் ஊசியோடு வந்தவர்கள். சும்மா சொல்லக்கூடாது, ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஊர்ச்சனம் முழுக்கச் சளி பிடித்தாற்போல் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரிந்தது. மேலுதட்டில் வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடக்கும். மேலக்கரைச் சந்தைக்குப் போனால் "வந்துட்டாங்கப்பா உப்பு மீசை" என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாத வாழ்க்கை கிடைத்ததே, அது போதாதா?

ஊசி வந்த கையோடு லாரி நின்றது. ஊசி போடாத கைக்குழந்தைகளுக்கு மட்டும் ஊசித் திட்டத்துக்காரர்கள் சின்ன வண்டியில் தண்ணீர் அனுப்பினார்கள். பிள்ளைத் தண்ணி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். இப்போது அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்களாம். கைக்குழந்தைக்கும் போடலாம் என்று புது ஊசி வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே முகாம் நடந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்ன வயது நர்ஸ், ஊர்க் குழந்தைகள் அத்தனை பேருக்கும் சிரிக்கச் சிரிக்க ஊசி போட்டாள். எல்லோருக்கும் போட்டாகிவிட்டது என்று மேலே தகவல் போனதும் பிள்ளைத் தண்ணி வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். திட்டத்தில் வேறு எது தாமதமானாலும் நிறுத்துகிற வேலை மட்டும் தாமதமாகாது.

டாக்டர் வந்து பெஞ்சில் பிலோமினாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உப்புங்கறது ரெண்டு பேர். சோடியம் ஒண்ணு, க்ளோரைடு ஒண்ணு. ரெண்டும் பிரிஞ்சு இருக்காது. க்ளோரைடை ஒரு பக்கமா நகர்த்தினா சோடியமும் பின்னாடியே வந்துடும். உங்க மூக்குத் தோல்ல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் ரெண்டு பக்கம் இருக்குங்க. உள்பக்கம் ரத்தம், வெளிப்பக்கம் காத்து. ரத்தப் பக்கத்துச் சவ்வுல ஒரு புரதம் உக்காந்து க்ளோரைடை செல்லுக்குள்ள இழுத்துப் போடுது. காத்துப் பக்கத்துச் சவ்வுல இருக்கறது இன்னொரு புரதம். அது கதவு மாதிரி திறந்து வெளியே விட்டுடுது."

"உப்பளத்துல பாத்திக்குப் பாத்தி மடை திறந்து விடுவோமே, அப்படியா?"

"அதேதாங்க. மடை. நாங்க போடற ஊசி அந்த மடையை நிறைய முளைக்க வெக்குது. பெரியவங்களுக்கு இதுவரைக்கும் எந்தத் தொந்தரவும் வந்ததில்ல. ஆனா உங்க பையனுக்கு அந்த மடை காத்துப் பக்கம் உக்காராம ரத்தப் பக்கமா உக்காந்துடுச்சோன்னு எனக்குச் சந்தேகம். அப்படி ஆயிருந்தா உப்பு வெளிய போகாது, உள்ளயே சுத்திட்டு இருக்கும். நல்ல தண்ணி மட்டுமே குடிச்ச குழந்தைக்கு உப்பு ஏறுதுன்னா வேற என்னங்க காரணம் இருக்க முடியும்?"

"இப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"மடையை மூடறதுக்கு ஒரு மருந்து இருக்கு. அதைக் குடுத்துட்டு, டிரிப்ஸை வேகமா ஏத்தி உப்பை இறக்கணும். கொஞ்சங் கொஞ்சமா ஏறின உப்பா இருந்தா வேகமா இறக்கவே கூடாது. இது மடை புரண்டு ராத்திரியோட ராத்திரியா ஏறினது. அதனால இறக்கலாம்."

"எதையாச்சும் செய்யுங்க டாக்டரம்மா. எனக்கு ஒரே புள்ள. மூணு தடவ கலைஞ்சு நாலாவதா நின்னவன்."

டாக்டர் அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனார். கெட்டவரில்லை. அதுதான் பின்னால் பிலோமினாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. திட்டித் தீர்ப்பதற்குக்கூட ஒரு கெட்டவர் அகப்படவில்லை.

மருந்து ஏறிய கொஞ்ச நேரத்துக்கு இன்னாசி தெளிந்தான். வலிப்பு நின்றது. கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாக அம்மாவை அடையாளம் கண்டுகொண்டு கையைத் தூக்கப் பார்த்தான். பிலோமினா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். கடலுக்குப் போயிருக்கிற புருஷன் ரெமிஜியுஸ் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியதும் மறுபடி வலிப்பு வந்தது. காலையில் வந்ததைப் போல் இல்லை. உடம்பு வில்லாய் வளைந்தது. காலையில் பள்ளமாக இருந்த உச்சிக்குழி இப்போது மேடு தட்டியிருப்பதை அவளே கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சிஸ்டர் ரம்யா ஓடினாள், டாக்டர் ஓடினார். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு இறங்கியிருந்தது. பிள்ளை மட்டும் தேறவில்லை.

பிலோமினாவுக்குத் தலை சுற்றியது. விடிந்ததிலிருந்து தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

"சிஸ்டர், கொஞ்சம் நல்ல தண்ணி கிடைக்குமா? நாக்கு ஒட்டுது."

ரம்யா ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பிலோமினா ஒரு மடக்கு வாயில் விட்டதும் எழுந்து ஓடி, கைகழுவுகிற தொட்டியில் துப்பினாள்.

"ஏன் சிஸ்டர், இது பிள்ளைத் தண்ணியில்ல? இதக் குடிச்சா எங்களுக்கு உள்ள உப்பும் போயி மயக்கம் வந்துரும். நான் நல்ல தண்ணியில்ல கேட்டேன்?"

"இது ஃபில்டர் தண்ணிக்கா. இதவிட நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்?" ரம்யாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அமளியிலும் தண்ணீரில் குறை கண்டுபிடிக்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

"நல்ல தண்ணின்னா நல்ல தண்ணிதான். எங்க ஊருக் குழாயில வருமே. கடத்தண்ணி."

டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"கடத்தண்ணி டாக்டரம்மா. நல்ல தண்ணிக் குழாயில வர்றது."

கோரைமுனையில் இதைப் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். லாரிக் காலத்தில் குடிதண்ணீர் வந்த குழாய்க்கு நல்ல தண்ணிக் குழாய் என்று பேர். துணி துவைக்க, புழங்க வேறு குழாய். ஊசி வந்தபிறகு அந்த நல்ல தண்ணிக் குழாயில்தான் ஆழத்திலிருந்து எடுத்துக் கசடு நீக்கிய கடல் தண்ணீரை விட்டார்கள். உள்ளே வருகிற தண்ணீர் மாறியது, குழாய் மாறவில்லை, பேரும் மாறவில்லை. ஊர் குடிக்கிற தண்ணீர் எதுவோ அதுதானே நல்ல தண்ணி? யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பேர் இல்லை. யாரும் வெளியாளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

டாக்டர் அவள் முன்னால் வந்து நின்றார். "முகாம்ல அந்த நர்ஸ் என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"'ஊசி போட்டாச்சு, இன்னும் கொஞ்ச நாளைக்கு நல்ல தண்ணி மட்டுந்தான் குடுக்கணும், கண்ட தண்ணியையும் குடுத்துறாதீங்க'ன்னாங்க. மறுநாளே பிள்ளைத் தண்ணி வண்டியும் நின்னுபோச்சு. சரி, இனிமே நல்ல தண்ணிதான் போலன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அங்கேதான் விளங்கியது.  சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"அழுதான் டாக்டரம்மா. குடிச்ச வாய் மூடாம அழுதான். தாகம்னு நெனச்சுத் திரும்பத் திரும்பக் குடுத்தேன். குடுக்கக் குடுக்க அழுதான். எனக்கு அது உப்பாவே தெரியாதே. ஊசி போட்டுக் கடத்தண்ணியே பழகின நாக்குக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பாலும் வத்திப்போச்சு. எல்லாத்துக்கும் அந்தத் தண்ணியத்தானே குடுத்தேன். என் கையால குடுத்தேனே!"

டாக்டரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மேல தப்பில்லீங்க. மடையெல்லாம் சரியாத்தான் உக்காந்திருக்கு. அரையுங்குறையுமா முளைச்சிருந்தாலும் அதுதான் அவனை இவ்வளவு நேரம் காப்பாத்திட்டு இருந்திருக்கு. நான் மருந்தக் குடுத்து அதை மூடிட்டேன். ஞாயித்துக்கிழமையில இருந்து கொஞ்சங் கொஞ்சமா ஏறின உப்பை ஒரே பகல்ல இறக்கிட்டேன். அந்த உப்புக்கு மூளை பழகியிருக்கும். திடீர்னு சுத்தி ஓடற ரத்தம் வெறுந்தண்ணி மாதிரி ஆயிட்டா, மூளை அத்தனையையும் உறிஞ்சி வீங்கிடும்."

"பொழைப்பானா?"

டாக்டர் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார். சட்டென்று திரும்பி, "மத்தக் குழந்தைங்க?" என்றார்.

பிலோமினா நிமிர்ந்தாள். மற்ற குழந்தைகள்! ஊரில் எல்லாக் குழந்தையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அனத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஊசிக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். அதுகளுக்குத் தாய்ப்பால் இருக்கிறது. பாதி பால், பாதி நல்ல தண்ணி என்று இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். எத்தனை நேரத்துக்கு?

டாக்டர் அதற்குள் போனை எடுத்திருந்தார். ஊரில் திட்டத்துப் போனை வைத்திருப்பவள் லூர்து, ரெமிஜியுசின் அக்கா.

"லூர்தம்மாங்களா? டாக்டர் பேசறேன். ஊசி போட்ட குழந்தைங்க எல்லாத்துக்கும் உடனே நல்ல தண்ணி குடுக்கச் சொல்லுங்க. நல்ல தண்ணி மட்டும்..."

பிலோமினா பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.

"மதினி! நான் பிலோமி. நல்ல தண்ணி குடுக்காதீங்க! ஒரு சொட்டுக் குடுக்கக் கூடாது. டாக்டரம்மா சொல்றது பிள்ளைத் தண்ணிய. அவுங்க ஊருல அதத்தான் நல்ல தண்ணிம்பாங்க. அந்த நர்சம்மாவும் அதத்தான் சொல்லியிருக்கு. நம்மதான் மாத்திக் குடுத்துட்டோம்."

 மறுமுனையில் லூர்து பதறினாள்: "பிள்ளைத் தண்ணிக்கு நான் எங்கடி போவேன்? வண்டிதான் நின்னுபோச்சே. ஊருல ஒரு வீட்ல ஒரு செம்பு கிடையாது. கடையில பாட்டில் வித்தாத்தான வாங்குறதுக்கு? இந்தக் கோடையில மழையா பெய்யப் போகுது?"

டாக்டர் இன்னொரு போனில் திட்ட அதிகாரியிடம் கத்திக்கொண்டிருந்தார். வண்டி இல்லை என்றார்கள், பிறகு டிரைவர் இல்லை என்றார்கள், பிறகு அனுப்புகிறோம் என்றார்கள். பாலம் உடைந்து கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும், இருட்டிவிடும் என்றார்கள்.

பிலோமினாவின் மனசு பேய் பிடித்தாற்போல் ஊரையே சுற்றிச் சுற்றி வந்தது. கிணறு உப்பு. குட்டை காய்ந்துவிட்டது. தென்னை எப்போதோ பட்டுப்போனது. உப்பில்லாத தண்ணீர் அந்த மணலில் எங்கே இருக்கிறது?

"மதினி, போட்டு வந்துருச்சா?"

"இப்பத்தான் கரை தட்டுச்சு. உன் புருஷன் மீன் இறக்கிக்கிட்டு இருக்கான். அவன்ட்ட இன்னும் எதுவும் சொல்லல."

"ஐஸு! அடியில உடைக்காத ஐஸ் பார் கிடக்கும். மேலக்கரை கம்பெனி ஐஸு. அது உப்பில்லாத தண்ணிதான் மதினி. மீன் படாத பாரா எடுத்துக் கழுவி, உடைச்சு, உருக்கி, கொதிக்க வச்சு ஆத்திக் குடுக்கச் சொல்லுங்க!"

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த போனருகே குனிந்து அவசரமாகச் சொன்னார்: "குடுக்கலாம். ஆனா வயிறு நிறையக் கூடாதுங்க. தாய்ப்பால் விடாம குடுக்கணும், கூட இந்தத் தண்ணி, பால் புகட்டற பாலாடையில ஒரு பாலாடை. விட்டு விட்டு இன்னொரு பாலாடை. குழந்தை எவ்வளவு கத்தினாலும் வேகமா மட்டும் குடுத்துடக் கூடாது. வேகமாக் குடுத்தா..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

"நான் சொன்னா எவ கேப்பா? தாகத்துல கத்துற புள்ளைக்குத் தண்ணியக் கையில வச்சிக்கிட்டு எந்தத் தாய் பாலாடையில அளந்துக்கிட்டு இருப்பா?" என்றாள் லூர்து. "கோயிலுக்கு ஓடுறேன். போனை மைக்குல வைக்கிறேன். நீயே சொல்லு. அங்க இருந்து டாக்டர் பக்கத்துல நின்னு சொல்றவ நீதான்."

லூர்து ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. மணலில் செருப்பு உரசுகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம். அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் விட்டு விட்டுக் கத்துவது போய் ஒரே நீட்டாகக் கத்தியது.

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் ரம்யா இன்னாசியின் மேல் குனிந்தபடி டாக்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.  டாக்டர் உள்ளே ஓடினார். குனிந்தார், நெஞ்சில் அமுக்கினார், மறுபடி மறுபடி அமுக்கினார். பிறகு நிறுத்தினார். ரம்யா இன்னாசியின் மூக்கிலிருந்து குழாயை நிதானமாக, வலிக்கக் கூடாது என்பதுபோல் மெல்ல எடுத்தாள். வெளியே வந்தவரின் முகத்தைப் பிலோமினா பார்த்தாள். 

"பிலோமினா," என்று ஆரம்பித்தார் டாக்டர்.

பிலோமினா கையைக் காட்டித் தடுத்தாள். "இருங்க."

போனில் கரகரவென்று மைக் திறக்கிற சத்தம் கேட்டது. "சொல்லுடி," என்றாள் லூர்து. அவள் சொன்ன 'சொல்லுடி' ஊர் முழுக்க முழங்கியது.

பிலோமினா சொன்னாள். நல்ல தண்ணி கூடாது என்றாள். ஐஸை உருக்கச் சொன்னாள். கொதிக்க வைத்து ஆற்றச் சொன்னாள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள் என்றாள். ஒரு பாலாடை, விட்டு இன்னொரு பாலாடை, அதற்குமேல் பிள்ளை காலை உதைத்து அழுதாலும் கொடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். போனைப் பிடித்திருந்த இடது கையை வலது கையால் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும். போனில் ஒரே இரைச்சல். ஒருத்தி, "பாலாடைத் தண்ணி எந்த மூலைக்குப் பத்தும்? எம்புள்ள செத்துப்போயிரும் போலருக்கே! ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு ஓடிருவோம்!" என்று அலறினாள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். இருட்டப் போகிற நேரத்தில், உடைந்த பாலத்தைச் சுற்றி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பாதி பேர் வந்து சேர மாட்டார்கள் என்று பிலோமினாவுக்குத் தெரிந்தது.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ரெமிஜியுசின் குரல் வந்தது. மூச்சிரைத்தது. கடற்கரையிலிருந்து ஓடி வந்திருப்பான்.

"பிலோமி, அக்கா இப்பத்தான் சொல்லுச்சு. இன்னாசிக்கு எப்படி இருக்கு? நான் பைக்க எடுத்துக்கிட்டு வந்துறவா?"

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஊரே அவள் பதிலுக்காகக் காத்திருந்தது. ஐஸ் அவன் போட்டில் இருக்கிறது. அவன் கிளம்பினால் அடித்தட்டைத் திறந்து பாரை இறக்க ஆள் இல்லை. விஷயம் தெரிந்தால் அவன் மட்டுமா கிளம்புவான்? பாலாடையை எறிந்துவிட்டு ஒருத்தி செம்போடு ஊற்றுவாள், இன்னொருத்தி பிள்ளையோடு ரோட்டில் ஓடுவாள்.

பிலோமினா கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"வேணாங்க, வராதீங்க. நீங்க போயி ஐஸை உடைங்க. இன்னாசி நல்லாருக்கான். இப்படித்தான், பாலாடை பாலாடையாத்தான் குடுத்தாங்க. கண்ணு முழிச்சுட்டான். என்னையப் பாத்துக் கையத் தூக்கினான். அதனாலதான் சொல்றேன், யாரும் அவசரப்படாதீங்க."

ஒலிபெருக்கி அவள் குரலை வாங்கி, ஒரு நொடி பிந்தி, ஊர் முழுக்கச் சொன்னது. நல்லாருக்கான் என்று அவள் சொன்னதை அவளே போனில் கேட்டாள். "மாதாவே" என்று யாரோ உரக்கக் கும்பிட்டார்கள். ரெமிஜியுஸ் சிரித்தானா அழுதானா தெரியவில்லை, "வாங்கடா, ஐஸைத் தூக்குங்கடா" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

அவள் போனை வைக்கவில்லை. காதோடு வைத்துக்கொண்டே நின்றாள். டாக்டரும் அசையாமல் நின்றார். வெகுநேரத்துக்கு வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது. பிறகு கோயில் வாசலிலேயே ஐஸ் பாரைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள் போலும், சம்மட்டி விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. லூர்து ஒவ்வொருத்தி பேராகக் கூப்பிட்டு, "பாலாடையில, பாலாடையில மட்டும், பிலோமி சொன்னால்ல" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்ட பிறகுதான் பிலோமினா போனை டாக்டரின் கையில் கொடுத்தாள்.

"இப்பச் சொல்லுங்க, டாக்டரம்மா."